கிரச்சில் தக்காளிக் காய்ச்சல்: தினமும் துடைத்தும் பரவுவது ஏன்?

கேள்வி (மழலைக்கூடம்): 3 வயதுக்குட்பட்ட 14 குழந்தைகள். இந்த வாரம் மூன்று பேருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம், வாயில் புண். தக்காளிக் காய்ச்சல் என்கிற கை-கால்-வாய் நோய் என்றார் டாக்டர். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம், வாசலிலேயே சானிடைசர் இருக்கிறது. பிறகு எப்படிப் பரவுகிறது? கொப்புளம் காயும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

நுண்ணோக்கி: நீங்கள் நம்பியிருக்கும் அந்த இரண்டும்தான் சிக்கல். இந்த நோயைப் பெரும்பாலும் தரும் காக்சாக்கி வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது; உறை இல்லாத வைரஸை இவற்றால் எளிதில் அழிக்க முடியாது. அதனால் பினாயிலையும் சானிடைசரையும் நம்ப முடியாது. கைக்கு சோப்பு, ஓடும் தண்ணீர், 20 நொடி. தரைக்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கும் பிளீச். பாட்டிலில் 4% ஹைப்போகுளோரைட் என்றிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 25 மி.லி., 5% என்றால் 20 மி.லி. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். எச்சிலோ மலமோ ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். அதன்பின் 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவேண்டும்; உடனே துடைத்தால் வீண். வாயில் வைக்கும் பொம்மையைக் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரைசல் அன்றன்றைக்குக் கலப்பது. கழிப்பறை ஆசிடோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

வார்டு_அக்கா: மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, எச்சில் ஒழுகவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் வரலாம். முதல் வாரம்தான் அதிகம் ஒட்டும். ஆனால் மலத்தில் வைரஸ் பல வாரம் போய்க்கொண்டே இருக்கும், கொப்புளமே வராத குழந்தைக்கும்கூட. அதனால் டயப்பர் மாற்றும் இடத்தைப் பாருங்கள். மாற்றுகிற ஆயாவே சோறும் ஊட்டுகிறாரா? அங்கேதான் கோட்டை விடுகிறீர்கள். ஆளைப் பிரித்துவிடுங்கள். டயப்பர் மாற்றியபின் குழந்தையின் கையையும் கழுவவேண்டும், இதைப் பலரும் செய்வதில்லை.

தஞ்சைக்காரன்: பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதை அம்மை என்று வேப்பிலை வைத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். சின்னம்மை பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில் கிளம்பும். இது கை, கால், வாய், பிட்டம். வாய் எரிவதால் தண்ணீரே குடிக்காது, பயப்படவேண்டியது அதற்குத்தான். ஆறிய கஞ்சி, இளநீர் கொஞ்சம் கொஞ்சமாக. புளிப்பு, காரம் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. 8 மணி நேரம் மூத்திரம் போகவில்லை, 3 நாள் தாண்டியும் காய்ச்சல், தூக்கத்தில் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, நடை தள்ளாடுகிறது: இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

மழலைக்கூடம்: நன்றி. போன முறை இந்த நோய் வந்த ஒரு குழந்தைக்கு இப்போது நகம் கழன்று வருகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நுண்ணோக்கி: உண்டு. சில வாரம் கழித்து அப்படி ஆவதுண்டு, காக்சாக்கி ஏ6 வகையில் அதிகம். பிய்த்து எடுக்காமல் விடுங்கள்; அடியில் புது நகம் முளைத்துவிடும்.