வெடிச் சத்தமும் காதும்: பன்னிக்குப் போறவங்களும் ரேஞ்சுல சுடறவங்களும் பார்த்தது

வேலந்தாவளத்தான்

2022 மே மாசம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்கு வார்டன் அதிகாரம் கொடுத்ததிலிருந்து, பயிரை அழிக்கிற காட்டுப்பன்னியைத் துப்பாக்கியால சுட உத்தரவு உள்ளூர்லயே கிடைக்குது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதின்னு நம்ம எல்லை ஊருங்கள்ல லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க ராத்திரி போறாங்க. போயிட்டு வந்தவங்க டீக்கடையில பேசறதெல்லாம் ஒண்ணுதான்: காதுல "ங்ஙொய்"னு இரைச்சல். ஒருத்தர் பஞ்சு போதும்ங்கறார், இன்னொருத்தர் சைலன்சர் போட்டா தீர்ந்ததுங்கறார். விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. அவங்கவங்க வீரக்கதை வேண்டாமுங்க, அடுத்தவனுக்குப் பிரயோஜனப்படற மாதிரி இருந்தாச் சரி.

பழைய ஆர்மரர்

சைலன்சர் பேச்சை முதல்லயே முடிச்சுடலாம் தம்பி. துப்பாக்கிச் சத்தத்தையோ குழல் வாயில வர்ற தீயையோ குறைக்கறதுக்குன்னு செஞ்ச துணைக்கருவி எதுவா இருந்தாலும், நம்ம நாட்டு ஆயுத விதிகள்ல தடை செஞ்ச வகையில வருது. பயிர்க்காவல் லைசென்ஸ், விளையாட்டு லைசென்ஸ் எது இருந்தாலும் அது சேராது. "பைப்பை வெச்சுக் கடைஞ்சு தர்றேன்"னு லேத் பட்டறைக்காரன் சொன்னா அந்தப் பக்கமே திரும்பாதீங்க. கேஸும் வரும், குழலுக்கு நேரா உக்காராத பைப்புல குண்டு இடிச்சுத் தெறிக்கவும் செய்யும்.

அந்தப் பேரே ஒரு ஏமாத்து. 1909ல அமெரிக்காவுல ஹிராம் பெர்சி மாக்சிம் காப்புரிமை வாங்கி 'சைலன்சர்'னு பேர் வெச்சு வித்தார். அவங்கப்பாதான் மாக்சிம் மெஷின்கன் செஞ்சவர். சுட்டுச் சுட்டே அந்த மனுசனுக்குக் காது போயிடுச்சு. கருவி செய்யற வேலை என்னன்னா, குழல்ல இருந்து பீறிட்டு வர்ற சூடான வாயுவை உள் அறைகள்ல தேக்கி, வேகம் குறைச்சு விடறது. அவ்வளவுதான். சாதாரணமா 20 முதல் 30 டெசிபல் வரைக்கும் குறையும். 160 டெசிபல் வெடி 130, 140க்கு வரும், சத்தமில்லாம போகாது. ஒலியைவிட வேகமாப் போற குண்டு காத்தைக் கிழிக்கற சத்தத்தை அதால தொடவே முடியாது. பின்லாந்து, நார்வேயில வேட்டைக்காரங்க சாதாரணமா மாட்டறாங்க, அதோட காதை மூடற கிண்ணம் வெச்ச மஃபும் போடறாங்க. சினிமாவுல வர்ற "புஸ்க்" சத்தத்தை நம்பி இங்க யாரும் கனவு காணாதீங்க.

நம்ம கையில இருக்கற 12 போர் ஷாட்கன்னுக்கு வாங்க. குழல் நீளமா இருந்தா காதுக்கு நல்லது. குட்டைக் குழல்ல வாயு அழுத்தம் குறையறதுக்குள்ள வெளிய வந்துடும், சத்தம் ஏறும், குழல் வாயும் காதுக்குக் கிட்ட வந்துடும். சுடற பயிற்சி ரேஞ்சுல சிலபேர் உதைப்பு குறையட்டும்னு குழல் வாயில பிரேக் மாட்டின ரைஃபிளோட வருவாங்க. அது வாயுவைப் பக்கவாட்டுல திருப்பி விடும். சுடறவன் தோளுக்குச் சுகம், பக்கத்துப் படுக்கையில சுடறவனுக்குக் காது கிழியும். அந்த லேன் பக்கத்துல இடம் கொடுத்தா மாத்திக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

காதுமானி

காதுப் பரிசோதனை அறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரு நொடிக்கும் குறைவாக வந்து போகிற வெடி ஓசைக்குப் பெரியவர்களுக்கு 140 டெசிபல் உச்சம்தான் எல்லை. குழந்தைகளுக்கு 120 என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாயின்ட் 22 ரைஃபிளே அந்த 140-ஐ ஒட்டி வரும். 12 போரும் பெரிய ரைஃபிள்களும் 150-க்கு மேல், 165 வரைகூடப் போகும். டெசிபல் கணக்கில் 20 கூடினால் அழுத்தம் பத்து மடங்கு. ஆகவே 160 என்பது எல்லையைவிட "கொஞ்சம்" அதிகம் இல்லை, பத்து மடங்கு.

"பழகிப்போச்சு" என்று பலர் சொல்வார்கள். காது பழகுவதில்லை. பெருஞ்சத்தம் கேட்டதும் நடுக்காதில் ஒரு சின்னத் தசை இறுகும், உண்மைதான். ஆனால் அது இறுகுவதற்குள் வெடியின் உச்சம் உள்ளே போய்விட்டிருக்கும். உள்காதில் இருப்பது சத்தத்தை உணர்கிற முடியணுக்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தது முளைக்காது. மறுநாள் இரைச்சல் நின்று கேட்கும் திறன் திரும்பிவிட்டது என்றாலும் நம்ப முடியாது: பரிசோதனையில் அளவு பழையபடி வந்த பிறகும் நரம்பு இணைப்புகள் அறுந்தே கிடப்பதை 2009இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் காட்டினார்கள். கூட்டத்தில் பேச்சுப் புரியாமல் திணறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

துப்பாக்கிக்காரரின் கேட்கும் திறன் வரைபடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் இடையில், பெரும்பாலும் 4,000இல், ஒரு பள்ளம். வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதில் பள்ளம் ஆழமாக இருக்கும். இடது காது குழல் வாயைப் பார்த்து நிற்கிறது, வலது காது தலையின் மறைவில் இருக்கிறது. பள்ளம் விழுகிற அந்த ஹெர்ட்ஸ் இடத்தில்தான் ச, த, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் இருக்கின்றன. அதனால் "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு புரியல" என்பார்கள். மனைவி பேசினால் புரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் கேட்கிறது. வீட்டில் சண்டை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தென்னந்தோப்பு அக்கா

சுடறவங்க காதைப் பத்தியே பேசறீங்களே, டார்ச் பிடிக்கற பையனுங்க காதை யாரு பார்க்கறது? எங்க பக்கம் போற எல்லாக் கூட்டத்துலயும் பார்த்தது இதுதான்: லைட் குழல் மேல விழக்கூடாதுன்னு பையன் ஒரு எட்டு முன்னாடி, பக்கவாட்டுல நிப்பான். வெடி அவன் காதோரம் போகும். சுட்டவர் சிரிச்சுட்டு இருப்பார், பையன் காதைப் பொத்திட்டு உக்காந்திருப்பான். கண்ணு பன்னி மேல இருக்கறதால அடுத்த வெடி எப்போன்னு அவனுக்குத் தெரியறதும் இல்லைங்க.

காதுமானி

அக்கா சரியான இடத்தைத் தொட்டீர்கள். நீளக் குழலில் சுடுகிறவர் காது குழல் வாயிலிருந்து சுமார் ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. வெட்டவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அதற்கு மேல், வாய்க்கு முன்னும் பக்கமும் போகிற சத்தம் பின்னால் வருவதைவிடப் பலம். ஆகப் பையன் இரண்டு விதத்திலும் மாட்டிக்கொள்கிறான்.

அவன் நிற்க வேண்டிய இடம் சுடுகிறவர் தோளுக்குப் பின்னால். லைட் குழலில் படுகிறது என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கட்டும், அல்லது துப்பாக்கிக்காரரே நெற்றி விளக்குக் கட்டட்டும். தோட்டாப் பாதுகாப்புக்கும் அதுதான் இடம்.

சுவர் இருந்தால் நிலைமை மாறும். மோட்டார் ரூம் வாசலில் நின்று, தகரக் கொட்டாய்க்குக் கீழே நின்று, ஜீப்புக்குள் உட்கார்ந்து சுடுவது மிக மோசம். சத்தம் இடித்துத் திரும்பி வந்து, ஒரு வெடி பல வெடியாக நீளும்.

ரேஞ்ச்பக்கம்

பஞ்சு பத்திக் கேட்டீங்க. நெம்மாறை வல்லங்கி வேலைங்கற கோயில் திருவிழாவுக்குக் கதினா வெடி கேக்கப் போறவங்க பஞ்சு வெச்சுக்கறாங்க, அது மனசாந்திக்கு. பஞ்சு தடுக்கறது சில டெசிபல்தான். காலித் தோட்டாவைக் காதுல சொருகறது, மொபைல் இயர்போன் மாட்டறது, அதெல்லாம் கணக்குலயே வராது. சத்தம் குறைக்கற இயர்பட்ஸ் பஸ் இரைச்சலுக்குச் செஞ்சது, வெடிக்கு இல்லை.

மருந்துக்கடையிலயோ தொழில் பாதுகாப்புச் சாமான் கடையிலயோ நுரை அடைப்பான் கிடைக்கும், ஜோடி டீ வடை காசுதான். டப்பாவுல எத்தனை டெசிபல் தடுக்கும்ங்கற அளவை என்.ஆர்.ஆர். 29, 33னு போட்டிருக்கும். சில டப்பாவுல எஸ்.என்.ஆர். இருக்கும், அது ஐரோப்பிய அளவு, அதே பொருளுக்குச் சில எண் கூடவே காட்டும். ரெண்டையும் ஒண்ணா வெச்சு ஒப்பிட்டு ஏமாறாதீங்க. டப்பா எண் ஆய்வுக்கூடத்துல எடுத்தது. அமெரிக்காவோட நியோஷ்ங்கற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நுரைக்கு அதுல பாதியும், மஃபுக்கு முக்காலும்தான் நம்பச் சொல்லுது. பாதியாகறதுக்குக் காரணம் நுரை இல்லை, நம்ம விரல்.

நாம பார்க்கற பத்துப் பேர்ல பாதிப் பேர் அதைக் காது வாசல்ல ஒட்டி வெச்சிருப்பாங்க, பாதி வெளிய நீட்டிட்டு நிக்கும். சரியாச் செய்யணும்னா முதல்ல கையைக் கழுவுங்க; வெடிமருந்துப் பொடியும் தேங்காநாரும் ஒட்டின விரலோட தொடாதீங்க. நுரையை நசுக்கக்கூடாது, உருட்டணும். கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவுல திரி மாதிரி, மடிப்பு விழாம, முடிஞ்ச அளவு ஒல்லியா உருட்டுங்க. மடிப்பு விழுந்தா அந்த வரியே சத்தத்துக்கு வாய்க்கால். அப்புறம் எதிர்க்கையைத் தலைக்கு மேலயோ பின்னாலயோ கொண்டுபோய்க் காது மடலை மேலும் வெளியவுமா இழுங்க; வளைஞ்சிருக்கற துவாரம் நேராகும். இழுத்தபடியே உள்ள தள்ளி, விரல் நுனியால 30 விநாடி அமுக்கிப் பிடிங்க. இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. விரலைச் சீக்கிரம் எடுத்துட்டா நுரை பின்னால வந்துடும்.

மார்கழியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற ராத்திரியில நுரை விறைச்சு, விரியறதுக்கு நேரம் எடுக்கும். சட்டைப் பையில, உடம்புச் சூட்டுல வெச்சிருந்து எடுங்க, பிடிக்கற நேரத்தையும் கூட்டுங்க.

சரியா இருக்கான்னு பார்க்க ரெண்டு வழி. உங்க குரலே பானைக்குள்ள பேசற மாதிரிக் கேக்கணும். அப்புறம் ரெண்டு உள்ளங்கையால காதை இறுக்கி மூடி மூடித் திறங்க. பெரிய வித்தியாசம் தெரிஞ்சா அடைப்பான் சரியா உக்காரலை, எடுத்துட்டு மறுபடி உருட்டுங்க. நேருக்கு நேரா நிக்கறவருக்கு அது வெளிய துருத்திட்டுத் தெரியக்கூடாது. கழட்டறப்போ வெடுக்குனு பிடுங்காதீங்க, திருகி மெதுவா எடுங்க. காதுல சீழ் வர்றவங்களுக்கு அடைப்பான் வேண்டாம், மஃப் மட்டும்.

12 போருக்கு ரெண்டும் சேர்த்துப் போடணும், அடைப்பான் உள்ள, மஃப் மேல. ஆனா 29ஐயும் 25ஐயும் கூட்டி 54னு போடாதீங்க. பெரியதோட சுமார் 5தான் சேரும், அதாவது 34. அதுக்கு மேல சத்தம் மண்டையோட்டு வழியாவே உள்ள போகும்.

மஃப் காதைச் சுத்தி ஒட்டாம சந்து விடற இடங்களைச் சொல்றேன். மூக்குக் கண்ணாடியோட தடிச்ச காம்பு முதல் எதிரி. ரெண்டாவது நெத்தி விளக்குப் பட்டை: பட்டை மஃபோட மெத்தைக்கு அடியில போனா ரெண்டு பக்கமும் விரலளவு சந்து. விளக்கை மஃபுக்கு மேல, உச்சியோரம் கட்டுங்க. மூணாவது குரங்குக் குல்லா. குல்லாவுக்கு மேல மஃப் மாட்டறது, மூடியைத் துணி வெச்சு மூடற மாதிரி. மஃபை மாட்டிட்டு அதுக்கு மேல உருமாலையோ துண்டோ கட்டிக்கலாம். வேர்வையில மெத்தை விறைச்சு வெடிச்சிருந்தா மாத்திடுங்க, அஞ்சாறு மாசம் உழைச்சாப் போதும்.

தடிச்ச கிண்ணம் வெச்ச மஃப் வாங்கினா இன்னொரு சிக்கல். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில வெக்கறப்போ கிண்ணம் கட்டையில இடிச்சுத் தூக்கிக்கும், சரியா வெடிக்கற நேரத்துல வலக்காது திறந்துடும். கடையிலயே துப்பாக்கி பிடிக்கற மாதிரிக் குனிஞ்சு பார்த்து வாங்குங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

வேலந்தாவளத்தான்

ரெண்டையும் அடைச்சுட்டா பன்னி வர்ற சலசலப்பு எப்படிங்கண்ணா கேக்கும்? கூட வந்தவன் "சுடாதே"ன்னு கத்தினாலும் கேக்காதே.

ரேஞ்ச்பக்கம்

நியாயமான கேள்வி. ராத்திரி வேலைக்கு எலக்ட்ரானிக் மஃப்தான் சரி. வெளிய மைக் இருக்கும், பேச்சையும் சலசலப்பையும் உள்ள விடும், 82, 85 டெசிபலைத் தாண்டினா ஸ்பீக்கரை அமுக்கிடும். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் மாதிரி மெலிசான கிண்ணத்தோடது 22 என்.ஆர்.ஆர்.தான், கட்டையில இடிக்காது, ஆனா 12 போருக்குத் தனியாப் பத்தாது. அடியில நுரையும் வெச்சு, மஃபோட ஒலியைக் கூட்டிக்கிட்டா ரெண்டும் கிடைக்கும். பேட்டரி செத்தாலும் கிண்ணம் தடுக்கற அளவு தடுக்கும், கேக்கறதுதான் நின்னுபோகும். ரெண்டு ட்ரிபிள் ஏ உபரியா வெச்சுக்குங்க. இந்த மஃப் வாங்கற வரைக்கும் கத்தறதை நம்பாதீங்க. தோளைத் தொட்டா சுடக்கூடாதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

காதுமானி

ஏற்கெனவே அடி வாங்கியவர்களுக்கு. காது அடைத்துக்கொண்டு இரைச்சல் ராத்திரி கழிந்தும் நிற்கவில்லை என்றால், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே போகும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு தேவை என்று அவர் முடிவு செய்தால் சீக்கிரம் தொடங்குவதில்தான் பலன் இருக்கிறது. அந்த வாரம் வேறு வெடியும் வேண்டாம், டிராக்டர் சத்தமும் வேண்டாம்.

சுடப் போகும் முன்பே ஒரு கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய 14 மணி நேரம் பெருஞ்சத்தம் கேட்டிருக்கக் கூடாது, அதனால் ராத்திரி வேட்டைக்குப் போன மறுநாள் காலை எடுக்காதீர்கள். 3,000, 6,000 ஹெர்ட்ஸையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் நேரம் மிச்சம் என்று அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள், பள்ளம் அங்கேதான் தொடங்கும்.

தென்னந்தோப்பு அக்கா

நாயுங்களுக்கு என்னங்க பண்றது? பன்னியை மடக்கறது அதுங்கதானே.

பழைய ஆர்மரர்

நாய்க்கும் வெடியில காது போகும் அம்மணி. நாய்க்குன்னு மஃப் விக்கறாங்க, ஆனா முள்ளுல புகுந்து ஓடற நாய் தலையில அது அஞ்சு நிமிசம் நிக்காது. நாய் குழலுக்கு முன்னாடியோ பக்கத்துலயோ இருந்தா சுடாம இருக்கறதுதான் வழி. கூப்பிட்டாத் திரும்பாத நாயை அடிக்காதீங்க. முதுகுப் பக்கம் நின்னு கையைத் தட்டிப் பாருங்க, அதுக்குக் கேக்குதான்னு.