மஞ்சக்குப்பம் தெரு குழு: மழைச்சளியும் இளைப்பும்

கவிதா: ஐப்பசி மழை தொடங்கினதும் வீட்டுக்கு வீடு சளி. இளைப்பு (ஆஸ்துமா) இருக்கறவங்களுக்கு மட்டும் ஏன் நெஞ்சுக்கு இறங்குது சிஸ்டர்? ஆன்டிபயாடிக் போட்டா நிக்குமா?

ஜெயந்தி சிஸ்டர்: நிக்காதும்மா, பெரும்பாலும் வைரஸ்தான். இவங்களுக்கு மூச்சுக்குழல் உள்பக்கம் ஏற்கெனவே புண்ணாட்டம் இருக்கும். வைரஸ் போனா இன்னும் வீங்கும், சுத்தி இருக்கற தசை இறுகும், கோழை அடைக்கும். மூணும் சேந்துதான் வீசிங்.

பாபு: தினம் இழுக்கற இன்ஹேலர்ல ஸ்டீராய்டாமே. சளி விடற வரைக்கும் நிறுத்திடலாமா?

முருகன் (மெடிக்கல்): ஐயோ, அதான் தம்பி பெரிய தப்பு! வீக்கத்தை அடக்கறதே அதுதான். அளவும் மைக்ரோகிராம்தான். இழுத்ததும் வாய் கொப்பளிச்சு துப்பிடணும், இல்லன்னா நாக்குல வெள்ளை படியும். நீலக்கலர் சால்பியூட்டமால் இன்ஹேலர் தசை இறுக்கத்தை மட்டும்தான் தளர்த்தும்.

கவிதா: நீலம் அடிச்சும் கேக்கலன்னா?

ஜெயந்தி சிஸ்டர்: நேரா வாய்ல அடிச்சா பாதி மருந்து தொண்டையிலயே தங்கிடும். இன்ஹேலர்ல மாட்டற குழாய், ஸ்பேசர், அதைப் போடுங்க. குலுக்கி ஒரு பஃப், நிதானமா 4-5 மூச்சு. திரும்ப குலுக்கி அடுத்தது. ரெண்டை சேத்து அடிக்கக் கூடாது. இப்படி 4 பஃப். 20 நிமிஷத்துல அடங்கலன்னா இன்னொரு 4, ஆஸ்பத்திரிக்கு கிளம்பிக்கிட்டே. ரோட்டாகேப்பை (பொடி மருந்து கேப்சூல்) நம்பாதீங்க, அதை வேகமா இழுக்கணும், இளைக்கறப்ப அந்த இழுப்பு வராது.

முருகன் (மெடிக்கல்): ஸ்பேசரை சோப்புத் தண்ணில அலசி காத்துல காயவிடுங்க. துணியால தொடச்சா மருந்து உள்சுவத்துல ஒட்டிக்கும்.

பாபு: தைலம் ஊத்தி ஆவி?

ஜெயந்தி சிஸ்டர்: தைலம், கற்பூர நெடி சிலருக்கு இழுப்பையே கிளப்பி விடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் சில ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது.

கவிதா: எப்ப ஓடணும்?

ஜெயந்தி சிஸ்டர்: நீலம் 4 மணி நேரம் தாங்கலன்னா அன்னிக்கே டாக்டர். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலம், விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர்ல ஆக்ஸிஜன் 92க்கு கீழ, எது வந்தாலும் 108. பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்க்கலாம்னு நினைக்காதீங்க, பக்கத்து ஜி.எச். தான். மூச்சுல வர்ற விசில் சத்தம் திடீர்னு நின்னா நிம்மதியாகாதீங்க. காத்தே போகலன்னாலும் சத்தம் வராது.

முருகன் (மெடிக்கல்): ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணும், டாக்டர்ட்ட கேளுங்க.

பாபு: ஸ்பேசர் கடைல இருக்காண்ணே?

முருகன் (மெடிக்கல்): 3 இருக்கு. வரும்போது வீட்ல இழுக்கற இன்ஹேலரையும் எடுத்துட்டு வா, ஸ்பேசர்ல அதோட வாய் பொருந்துதான்னு பாத்துடலாம்.