மறு: ஹமார்த்தியாவுக்குத் தமிழ்ச் சொல்: 'வீழ்பிழை'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அவல நாடகத்தில் நாயகனை வீழ்த்தும் தவறைக் கிரேக்கத்தில் ஹமார்த்தியா என்பார்கள். அதற்குத் தமிழாக இந்த இழையில் 'அவலக் குறை', 'குணக்கேடு', 'ஊழ்வினை' என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13ஆம் இயலில் காட்டும் நாயகன் அப்பழுக்கற்றவனும் அல்லன், கொடியவனும் அல்லன். தீயொழுக்கத்தால் அன்றி ஹமார்த்தியாவால் வீழ்பவன். சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஈடிபஸ் முச்சந்தியில் தான் கொன்ற முதியவர் தந்தை என்பதை அறியான். அதைக் 'குணக்கேடு' என்றால் நாடகமே சரிந்துவிடும். 'குறை' என்றாலோ பிறவியிலேயே ஒட்டிக்கொண்டதாகிவிடுகிறது.

ஹோமரின் போர்க்களத்தில் எறிந்த ஈட்டி இலக்குத் தவறும்போது வரும் வினைச்சொல்லோடு பிறந்தது இந்தச் சொல். குறளும் (772) 'யானை பிழைத்தவேல்' என்கிறது. குறி தப்புவதும் நமக்குப் பிழைத்தல், நெறி தப்புவதும் பிழைத்தல்.

சிலம்பைப் பாருங்கள். ஆடல் மகளிர்பால் அரசன் மனம் போனதென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போகிறாள். ஊடல் தணிக்கப் போகிற பாண்டியனை அவள் வாயிலிலேயே பொற்கொல்லன் விழுந்து வணங்குகிறான். அரசன் 'தேரான் ஆகி', 'கொன்றச் சிலம்பு கொணர்க' என்றுவிடுகிறான். கொடுங்கோலனா அவன்? மனைவியைத் தேடிப் போகும் அவசரத்தில் நின்று விசாரிக்காதவன். இளங்கோவே அங்கு 'வினைவிளை காலம்' என்று ஊழைக் கூட்டிவருகிறார் என்பது மெய்தான். ஆனால் பாண்டியன் ஊழின்மேல் பழி போடவில்லை. 'என்முதல் பிழைத்தது கெடுகவென் ஆயுள்' என்று விழுந்து சாகிறான். எனக்கு இந்த ஒரு வரி போதும்.

வெறும் 'பிழை' கணினியிலும் புள்ளியியலிலும் ஏற்கெனவே புழங்குகிறது. அதனால் 'வீழ்பிழை' என்று வினைத்தொகையாக்கலாம். உயிர்பிழைத்தலோடு குழம்பும் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். 'எழுத்துப்பிழை' என்று எழுதும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லையே.

தெரிந்தே செய்தவர்களுக்கு இச்சொல் பொருந்தாது. ஷேக்ஸ்பியரின் மெக்பெத், டங்கன் தன் உறவினன், அரசன், விருந்தாளி என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே கொல்கிறான். கம்பனின் கும்பகருணனோ அண்ணன் செய்தது தவறென்று முகத்துக்கு நேரே சொன்னவன். அப்படியிருந்தும், அழைக்க வந்த தம்பியிடம் 'போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்' என்கிறான். இவ்விருவரையும் ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனமில்லை. கும்பகருணனுக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம், யாரேனும் தொடங்குங்கள்.