போனைப் புடுங்குனா மனச்சோர்வு போயிருமாக்கும்?

பவானிக்கரை:
சோமனூர் தறிக்காரர் காலைல எழுதிப் போட்டதைப் பாத்தீங்களா எல்லாரும்? "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனச்சோர்வு வர்றதே நெட்டுனாலதான், இங்கிலாந்து லீட்ஸ் யுனிவர்சிட்டில நிரூபிச்சாச்சு, போனைப் புடுங்கி பீரோல வெச்சுப் பூட்டுனா பத்து நாள்ல பையன் தெளிஞ்சிருவான்"னு. நிரூபிச்சாச்சாமா! அந்த ஆய்வு 2010ல வந்துது, 1319 பேருக்கு கேள்வித்தாள் குடுத்தாங்க, அதுல நெட்டுக்கு அடிமைன்னு கணக்குல வந்தது 1.2 சதவீதம். இருபது பேரு கூட தேறல. அதை வெச்சுட்டு ஈரோட்டுல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் இருக்கற பசங்க போனையெல்லாம் புடுங்கோணுமாக்கும். ஆய்வு பண்ணவங்களே நெட்டா சோர்வா எது மொதல்ல வந்துதுன்னு சொல்ல முடியலைன்னுட்டாங்க, அந்தப் பக்கம் மட்டும் அண்ணன் கண்ணுக்குத் தெரியல போல.

சோமனூர் தறி:
படிச்சுட்டுத்தான் எழுதுனன். அந்த ஆளுகளுக்கு மனச்சோர்வு எச்சா இருந்துதா இல்லியா, அதை மொதல்ல சொல்லுங்க. எங்க குடோன்ல ராத்திரி சிப்ட்டுக்கு வர்ற பசங்களை வந்து பாருங்க, நூல் அறுந்து தறி நின்னு கெடக்கும், அவன் பாட்டுக்கு போனைத் தள்ளிட்டு நிப்பான், பகல்லயும் தூங்கறதில்ல, யாருகிட்டயும் பேச்சும் இல்ல.

பவானிக்கரை:
எச்சாத்தான் இருந்துது, யாரு இல்லைன்னாங்க? கூட இருந்துதுங்கறதும் அதனாலதான் வந்துதுங்கறதும் ஒண்ணுங்களா? ராத்திரி பூரா தறிச் சத்தத்துல நிக்க வெச்சுப்போட்டு பையன் சோர்ந்து கெடந்தா பழி போன் மேல. மொதலாளி மேல ஒண்ணுமே இல்ல. மறுக்கா சொல்றன், 1.2.

அவிநாசி அக்கா:
அடிமைன்னா என்னன்னு ரெண்டு பேருமே சொல்லலியே. கிம்பர்லி யங்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் போட்ட 20 கேள்வில மார்க் எச்சா வந்தவங்களைத்தான் லீட்ஸ்ல அடிமைன்னு எடுத்துக்கிட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11ல கேமிங் கோளாறைத்தான் நோயா சேத்திருக்காங்க, அது 2022ல நடைமுறைக்கு வந்துது, பொதுவா நெட் அடிமைன்னு அதுல தனியா ஒரு நோய் கெடையாது. ஒருத்தன் நாள் பூரா போன்ல இருக்கறதும், விடணும்னு நெனச்சும் விட முடியாம இருக்கறதும் வேற வேற. எதைப் பத்திப் பேசறோம்னு முடிவு பண்ணிட்டு அப்பறமேட்டு சண்டை போடுங்க.

சோமனூர் தறி:
அக்கா, பேரு என்னவோ இருந்துட்டுப் போகுது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில 2014லயே இதுக்குன்னு தனி கிளினிக் தொறந்தாங்களே, சும்மாவா? அதுக்கும் முன்னாடி 1998ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல வீடு வீடா கம்ப்யூட்டரும் நெட்டும் குடுத்துப் பாத்தாங்க, எச்சா நெட் பாத்தவங்களுக்கு தனிமையும் சோர்வும் கூடுச்சுன்னு வந்துது. இதுக்கு என்ன சொல்றீங்க பவானி சார்?

பவானிக்கரை:
ஆஹா, பிட்ஸ்பர்க் வரைக்கும் போயாச்சா. அண்ணா, 1998ல ரிப்போர்ட் வந்துது, வேலை நடந்தது அதுக்கும் முன்னாடி. அந்த ஆய்வை நடத்துன ராபர்ட் க்ராட்டே அதே ஆளுககிட்ட மறுக்காப் போயிப் பாத்துட்டு 2002ல இன்னொண்ணு எழுதுனாரு, மொதல்ல பாத்த கெட்ட விளைவெல்லாம் பெரும்பாலும் காணாமப் போயிருச்சுன்னு. அது உங்க பார்வேர்டுல வரலீங்களா? இந்த நெட் அடிமைங்கற வியாதியையே 1995ல கோல்டுபர்க்னு ஒரு நியூயார்க் மனநல டாக்டர் கிண்டலுக்கு எழுதி விட்டாரு, அதை நெசமாவே எடுத்துட்டு ஊரே திரியுது. உங்ககிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, இருபது பேரு கூட இல்லாத கணக்கை வெச்சு நிரூபிச்சாச்சுன்னு எப்படிச் சொன்னீங்க? கிளினிக்கு, பிட்ஸ்பர்க்குன்னு சுத்தாதீங்க. 1.2ங்ணா, 1.2.

கோபிப் பையன்:
நான் ஒண்ணு சொல்லலாங்களா. ஹாஸ்டல்ல என்ற ரூம்மேட்டு மொதல்ல கபடிக்கு வர்றதை நிறுத்துனான், அப்பறம் மெஸ்ஸுக்கு வரல, நாங்க தட்டுல போட்டுட்டு வந்து வெச்சா காலைல அப்படியே காஞ்சு கெடக்கும். போன் அதுக்கப்பறந்தான். போர்வைக்குள்ள வெளிச்சத்தைக் கொறச்சுட்டு ஒரே மேட்ச் ஹைலைட்ஸை சத்தமே இல்லாம திரும்பத் திரும்ப பாப்பான், சிக்ஸ் போனாக்கூட மூஞ்சில ஒண்ணும் தெரியாது. அவங்கப்பா வந்து போனை வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்பறம் செவுத்தைப் பாத்துட்டு படுத்திருந்தான், அவ்வளவுதான் மாறுச்சு.

சோமனூர் தறி:
தம்பிக்கு எத்தனை அரியர்?

கோபிப் பையன்:
உங்க தறி எத்தனை ஓடுதுன்னு நான் கேட்டனுங்களா?

பவானிக்கரை:
பையன் சொன்னதுக்குப் பதில் இல்ல, அரியர் கேக்கறாரு. இதான் இவரு வழக்கம்.

அவிநாசி அக்கா:
தம்பி, அந்தப் பையனை டாக்டர்கிட்ட காட்டுனாங்களா? 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பரு, எந்நேரமும் கூப்பிடலாம், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. சோர்வா இருக்கறவன் போனுக்குள்ள போறதும் உண்டு, ராத்திரி போனால தூக்கம் கெட்டு சோர்வு எச்சாகறதும் உண்டு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுப் போகும்.

சோமனூர் தறி:
பாத்தீங்களா, அக்காவே சொல்லிட்டாங்க போனால எச்சாகுதுன்னு.

பவானிக்கரை:
அரைவாசி வரி மட்டும் படிக்கறது எப்படின்னு இவருகிட்ட கத்துக்கோணும்.

பெருந்துறை டீக்கடை:
ரம்மியப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா? ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் காசு வெச்சு ஆன்லைன்ல ஆடக்கூடாதுன்னு 2025ல தமிழ்நாட்டுல விதியே போட்டாங்க. எங்க கடைக்கு வர்ற பசங்க பாதிப்பேரு கடன்லதான் சோர்ந்து கெடக்கறாங்க.

பவானிக்கரை:
அது சூதாட்டம், வேற சோலி, தனியாப் பேசலாம். இங்க கேள்வி 1.2.

சோமனூர் தறி:
எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்றவரு இவரு. குளம் குட்டைக்குத் தண்ணி விடற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இந்த ஜென்மத்துல வராதுன்னு இங்கதானே பந்தயம் கட்டுனீங்க? 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்களா இல்லியா? பந்தயக் காசு இன்னும் வந்து சேரல.

பவானிக்கரை:
தொறந்தாங்க சரி, உங்க பக்கத்துக் குட்டைல தண்ணி நிக்குதுங்களா? போட்டோ போடுங்க. பழைய போட்டோ வேண்டாம், இன்னைக்கு எடுத்தது.

சோமனூர் தறி:
போட்டோ உங்களுக்கு எதுக்குங்க காட்டோணும்? நீங்க என்ன எங்கூரு தாசில்தாரா?