உபுண்டு 24.04க்கு மாறியபின் சும்மா இருக்கும்போதே லோட் 15, அவசரம்

போட்டோஸ்டாட்_கடை (திங்கள், மாலை 3:42)
வணக்கம். நேற்றிரவு கடைக் கணினியை உபுண்டு லினக்ஸ் 22.04இலிருந்து 24.04க்கு மாற்றினேன். இன்று காலையிலிருந்து ஒன்றும் ஓடாமலேயே லோட் (வேலைப் பளு எண்) ஏறி நிற்கிறது: கடைசி 1, 5, 15 நிமிடச் சராசரி 15.04, 14.89, 14.43. கோப்புகளைத் திறக்கப் போனால் அப்படியே உறைந்துவிடுகிறது. நாளை பள்ளிப் பிள்ளைகளின் வேலை நிறைய இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள். ஊர் பத்தாங் பெர்சுந்தை, சிலாங்கூர், மலேசியா.

ரவாங்_தம்பி (3:50)
அண்ணே, எத்தனை கோர்? ரேம் எவ்வளவு? டாப் கட்டளை போட்டால் முதல் வரிசையில் எது நிற்கிறது? லோட் எண்ணை மட்டும் கொடுத்தால் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

விசிறி_மெக்கானிக் (3:58)
தூசிதான். கடை பஸ் நிலையத்துப் பக்கமா? செம்பனை லாரி போகிற சாலையில் கணினி வைத்தால் இதுதான் கதி. போன மாதம் என்னிடம் வந்த பெட்டியில் விசிறிக்குக் கீழே மூன்று பல்லி முட்டை. மூடியைக் கழற்றி ஊதிவிட்டுப் பாருங்கள்.

கர்னல்_ஐயா (4:11)
தூசிக்கும் லோட் ஆவரேஜுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. 22.04இல் இருந்தது 5.15 கர்னல், அதாவது லினக்ஸின் மையக் கரு. 24.04இல் வருவது 6.8. பயோஸ் பக்கமிருந்து குறுக்கீடுகள் மழை மாதிரிக் கொட்டி, கர்னலின் உள்வேலையாளான ஒரு கேவொர்க்கர் மாட்டிக்கொண்டிருக்கும். கிரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். கிரப் என்றால் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

போட்டோஸ்டாட்_கடை (4:20)
4 கோர், 8 ஜிபி, எஸ்எஸ்டி. டாப்பில் ஒன்றுமே இல்லை ஐயா, சிபியு ஐடில் 97 சதவீதம் என்று காட்டுகிறது. மூடியைத் திறந்தேன், பல்லி இல்லை.

ரவாங்_தம்பி (4:26)
ஐடில் 97 என்றால் கேவொர்க்கர் இல்லை. குறுக்கீட்டுத் தொல்லை என்றால் அது ஒரு கோரையாவது தின்றுகொண்டிருக்கும், டாப்பில் தெரியாமல் போகாது. எதையோ எதிர்பார்த்து முடங்கிக் கிடக்கிற வேலைகள் அண்ணே. பிஎஸ் கட்டளை போட்டு, நிலை 'டி' என்று வருகிற வரிகளை மட்டும் பாருங்கள்.

விசிறி_மெக்கானிக் (4:31)
சிபியு சும்மா இருக்கிறதாம், லோட் 15ஆம். இதில் ஏதோ ஒன்று பொய்.

ஓய்வு_கிராணி (4:44)
பொய் இல்லை தம்பி. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, நிறுவை எழுதிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாளிகளோடு பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். பாலை ஊற்ற டேங்கர் வரவில்லை. நான் பேனாவை மூடிவிட்டுக் கோப்பி குடிப்பேன். கிராணி சும்மா, வரிசையோ நீளம். லினக்ஸ் எண்ணுவது வரிசையை, கிராணியை அல்ல. மற்ற யுனிக்ஸ்கள் பெரும்பாலும் ஓடத் தயாராக இருப்பதை மட்டும் எண்ணும். லினக்ஸ் 1993லிருந்து இந்த 'டி' ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறது.

கர்னல்_ஐயா (4:49)
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கிள்ளான்_மச்சான் (4:53)
கிராணி ஐயா, பத்தாங் பெர்சுந்தையில் இப்போது எங்கே பால் மரம்? எல்லாம் செம்பனை. ஊர்ப் பெயரே 2007லிருந்து பெஸ்தாரி ஜெயா.

ஓய்வு_கிராணி (4:58)
செம்பனை நேற்று வந்ததா? மலாயாவில் வணிகத்துக்கு முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், இங்கே இருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. பால் மரமும் கூடவே இருந்தது. நான் இரண்டுக்கும் கணக்கு எழுதியவன்.

கிள்ளான்_மச்சான் (5:01)
அப்படியானால் செம்பனைக் குலையை வைத்தே உதாரணம் சொல்லியிருக்கலாமே.

போட்டோஸ்டாட்_கடை (5:06)
கடையில் கூட்டம், தாமதத்துக்கு மன்னிக்கவும். 'டி' என்று பதினெட்டு வரி. எல்லாமே சிபி, நகல் எடுக்கிற கட்டளை. லோட் இப்போது 18. வட்டில் இடம் பார்க்க டிஎஃப் போட்டேன், பதிலே இல்லை, கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. கன்ட்ரோல் சி அடித்து வெளியே வந்தேன்.

ரவாங்_தம்பி (5:10)
3:42க்கு 15, 5:06க்கு 18. நடுவில் 4:00, 4:30, 5:00. அரை மணிக்கு ஒன்று ஏறுகிறது! நேரத்துக்கு வேலையைத் தானே ஓட்டுகிற கிரானில் அரை மணிக்கு ஒருமுறை எதை எங்கே நகல் எடுக்க வைத்திருக்கிறீர்கள்?

போட்டோஸ்டாட்_கடை (5:17)
ஓ, அதுவா. கடைப் படங்களைப் பழைய பெட்டிக்கு அனுப்புகிற ஸ்கிரிப்ட், மருமகன் எழுதியது. அந்தப் பெட்டியைக் காலையில் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். புதிய உபுண்டு வந்தாயிற்று, இனி எதற்கு என்று. இதையும் சொல்ல வேண்டுமா?

ரவாங்_தம்பி (5:19)
அண்ணே!!! எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள்?

போட்டோஸ்டாட்_கடை (5:21)
எட்டேகால் இருக்கும்.

ரவாங்_தம்பி (5:27)
எட்டரை முதல் எண்ணினால் ஐந்து மணியோடு சரியாகப் பதினெட்டு. உபுண்டு மேல் பழி வேண்டாம். அந்தப் பெட்டியை வலைவழி இணைக்கிற என்எஃப்எஸ் பகிர்வு சாதாரணமாக 'ஹார்ட்' முறையில்தான் ஏற்றப்படும், மறுமுனை செத்தாலும் விடாமல் காத்திருக்கும். முதலில் கிரானில் அந்த வரியை நிறுத்துங்கள். பிறகு சிபிக்களை கில் 9ஆல் முடியுங்கள், 2.6.25 கர்னலுக்குப் பிறகு என்எஃப்எஸில் மாட்டியது அதற்கு அடங்கும். அப்புறம் பகிர்வைக் கழற்ற யூமவுண்ட், கூடவே எல் விருப்பம். துவக்கும்போது ஏற்றுகிற பட்டியலான எஃப்எஸ்டேபில் அந்தப் பகிர்வின் வரிக்கு முன்னால் ஒரு # போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை துவக்கும்போது அங்கேயும் இழுக்கும்.

விசிறி_மெக்கானிக் (5:33)
வீட்டுக்குப் போன பெட்டியையாவது ஊதிவிட்டு வையுங்கள்.

போட்டோஸ்டாட்_கடை (6:02)
ஆச்சு. லோட் 0.21. அந்தப் பெட்டி அம்மாவின் சாமி மேசைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. நன்றி, கடை அடைக்கிறேன்.

ரவாங்_தம்பி (6:05)
சரி அண்ணே, இனி கடைப் படங்களுக்கு நகல் எங்கே போகிறது?

ரவாங்_தம்பி (செவ்வாய், காலை 9:30)
அண்ணே?