கன்னியாவில் அந்தியேட்டி: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

எங்கள் கந்தோரில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவரின் அப்பா திடீரென்று தவறிவிட்டார். வருத்தம் என்று படுத்தவரே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை. திடீர் மரண விசாரணை, செத்தவீடு எல்லாம் மூதூரில் முடிந்து, எட்டுச் செலவுச் சடங்கும் ஆகிவிட்டது.

31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைத் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றடியில்தான் செய்ய வேண்டும் என்று தங்கச்சியின் அம்மா பிடிவாதமாக நிற்கிறார். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பார்களே, அந்த ஏழு கிணற்றடி. தங்கச்சிக்கு இருக்கும் ஒரே தம்பியும் கட்டாரில். ஓடித்திரிய ஆளில்லை.

இப்போது அங்கே கிரியை செய்ய முன்கூட்டியே யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? குருக்களை நாங்களே கூட்டிப்போக வேண்டுமா? மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக வயதானவர்களை ஏற்றிவர நல்ல வான்காரர் யாரும் இருக்கிறார்களா?

காசு கந்தோரில் சேர்த்துவிட்டோம். கையில் கொடுத்தால் தங்கச்சி வாங்க மாட்டார், ரோசக்காரி. அதனால் வானுக்கும் சாப்பாட்டுக்கும் நேரே கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். வேறு வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ஆளைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அவருக்குப் போன் எடுத்து விசாரிக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லியே களைத்துப்போனார். எனக்கு எழுதுங்கள்.