ஆர்யெப்லூக் (சுவீடன்): பிப்ரவரியில் போகலாமா?

கேள்வி: சுவீடனின் வடகோடி மாகாணமான நோர்பொட்டனில் உள்ள இந்தச் சின்ன நகராட்சி எப்படிப்பட்ட ஊர்? தங்க இடம் கிடைக்குமா?

பதில் 1: சின்னது என்பது மக்கள்தொகையில்தான். பரப்பு சுமார் 14,000 ச.கி.மீ., ஆட்களோ 3,000-க்கும் குறைவு. சுவீடனின் மிக ஆழமான ஏரி ஹோர்னாவன் (221 மீ.) இங்கேதான். ஜனவரி முதல் மார்ச் வரை கார் நிறுவனங்கள் உறைந்த ஏரிகளில் பிரேக், டயர் சோதிக்க வந்துவிடும், அறைகள் நிரம்பிவிடும். மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

பதில் 2: பக்கத்து ஊரான ஆர்வித்ஸ்யௌர் விமான நிலையத்திலிருந்து 95-ஆம் எண் சாலையில் வரலாம். வாடகைக் காரில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், டயரின் வரிப்பள்ளம் 3 மி.மீ. ஆழமாவது இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரை இரவே மின் இணைப்பில் செருகாவிட்டால் காலையில் பேட்டரி திணறும்.

பதில் 3: வெள்ளி அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி மக்களின் வெள்ளிப் பொருட்கள், ஊர் மருத்துவர் எய்னார் வால்க்விஸ்ட் திரட்டியவை.